யார் செய்த வினை?

மும்பையில், குர்லாவில் ஏறித் தெற்கே போகும் ஸ்லோ லோக்கலுக்கு சயான், மாட்டுங்கா, தாதர், பரேல் என்று நான்காவது நிலையத்தில் டாடா மெமோரியல் மருத்துவமனை வந்துவிடும். இருபது நிமிடம்கூடப் பிடிக்காத பயணம். 1941 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்ட அந்த மருத்துவமனைக்கு ஓராண்டில் புதிதாக வந்த 800 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளின் விவரங்களை அதன் மருத்துவர்கள் தொகுத்து 2017-ல் வெளியிட்டார்கள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். சராசரி வயது 47. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலத்தோடு ரத்தம் போயிருந்தது. அறிகுறி தெரிந்த நாளிலிருந்து அங்கே வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக நான்கு மாதம்.

அந்த நான்கு மாதம் எங்கே போகிறது என்பதற்கான விடையில் ஒரு பாதி லோக்கல் ரயில் பெட்டியின் உட்சுவரிலேயே ஒட்டியிருக்கும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் உத்தரவாத குணம் என்று இந்தியிலும் மராத்தியிலும் அச்சடித்த துண்டுச் சீட்டுகள். வீட்டுக்குள் வேறு வைத்தியம் ஓடிக்கொண்டிருக்கும். உடம்புச் சூடு என்பார்கள். மோர், ஊறவைத்த வெந்தயம், துத்திக்கீரை, கருணைக்கிழங்கு லேகியம் என்று ஒவ்வொன்றாக வரும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆசனவாயில் ரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது மூலமாகவே இருக்கிறது. எது மூலம், எது மூலமில்லை என்று பிரித்துச் சொல்லக்கூடியது ஒரு மருத்துவரின் கையுறை போட்ட விரல். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வரும் கட்டியை அந்த விரலே பல நேரங்களில் கண்டுபிடித்துவிடும். அந்த இரண்டு நிமிடச் சோதனைக்குச் சம்மதிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. வெட்கம் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வெட்கத்தைவிட ஆழத்தில் இருக்கிறது. நோய் உறுதியானதும் அது வாய்திறந்து வெளியே வரும். என்ன பாவம் செய்தேனோ, யார் விட்ட சாபமோ, எந்த ஜென்மத்து வினையோ. லோகமான்ய திலக் டெர்மினஸ் என்று பெயர் மாறிய பிறகும் தமிழர்கள் குர்லா டெர்மினஸ் என்றே சொல்லும் நிலையத்திலிருந்து ஊருக்கு வண்டியேறுகிறவர்களில், குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்து சிகிச்சை தொடங்கலாம் என்று போகிறவர்கள் உண்டு. வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் நாடி ஜோதிடம் பார்க்கவும் போகிறவர்கள் உண்டு. மாஹிமில் புதன்கிழமை நொவேனாவுக்கும் ஹாஜி அலிக்கும் போகிறவர்கள் உண்டு. வேண்டுதல் தவறில்லை. ஆனால் நோயை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறவர் அதற்கு மேல்முறையீடு இருக்கிறது என்று நினைப்பதில்லை. இந்த நோயில் அந்த நினைப்புக்கு விலை மிக அதிகம். குடலின் சுவரைத் தாண்டாத நிலையில் பிடித்துவிட்டால், அமெரிக்கப் பதிவேடுகளின்படி நூற்றில் தொண்ணூறு பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கிறார்கள். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு அந்தத் தொண்ணூறு பதினைந்தாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே நோய் எதன் பலன் என்ற கேள்வி வெறும் திண்ணை வேதாந்தம் ஆகாது. அதற்கு ஒருவர் மனத்துக்குள் வைத்திருக்கும் விடை, அவர் எந்த மாதத்தில் பரேலில் இறங்குகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது.

தமிழ்ச் சைவத்தில் இந்தக் கேள்வியை வயிற்றிலேயே சுமந்தவர் ஒருவர் இருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர். சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுரத்து மடத்தில் இருந்தபோது அவரைச் சூலை நோய் தாக்கியது. குடலை முறுக்கும் வலி. மடத்து வைத்தியமும் மந்திரமும் பலிக்கவில்லை. அவர் அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். பிறகு தாமே இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து போனார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையைப் பெரும்பாலும் தண்டனையும் மன்னிப்புமாகவே பிரசங்கிப்பார்கள். தடம் மாறிப் போனவரை இறைவன் நோய் கொடுத்து மீட்டான் என்பார்கள். கதையில் அக்கா என்ன செய்கிறார் என்று பார்த்தால் வேறொன்று தெரியும். வந்து விழுந்த தம்பியிடம் அவர் கணக்குக் கேட்கவில்லை. நெற்றிக்குத் திருநீறு கொடுத்து, பொழுது விடியுமுன் கோயில் வாசலைக் கூட்டி மெழுகப் போகும்போது கையோடு அழைத்துப் போகிறார். நாவுக்கரசரின் முதல் பதிகம் அங்கே பிறக்கிறது. செய்த குற்றம் எதுவென்றே தெரியாமல் தவிக்கும் நோயாளியின் குரல் அதில் இருக்கிறது என்பதால்தான், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வயிற்றுவலிக்காரர்கள் அதை ஓதுகிறார்கள்.

இன்னொரு அக்காவின் கதை நமக்கு மிக அருகில் நடந்தது. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு 1920-களின் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் ரத்தமும் வந்தன. சீதபேதி என்று சொல்லி அதற்கே வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். சின்ன வயதிலேயே தங்கை இறந்துபோனார். அக்கா மருத்துவர், வீட்டுக்குள்ளேயே மருத்துவர் இருந்தும் பிடிபடாத நோய். இதே சாவு வேறு எத்தனையோ வீடுகளில் தலையெழுத்து என்று சொல்லி முடிக்கப்பட்டிருக்கும். முத்துலட்சுமி அப்படி முடிக்கவில்லை. லண்டனுக்குப் போனபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். சட்டமன்றத்தில் இருந்தபோதும் வெளியே வந்த பிறகும் சென்னைக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேன்சருக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி, வருகிறவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள் என்ற எண்ணம் அப்போது அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது. விதிவாதம் கோப்பிலும் கையெழுத்துப் போடும். முப்பது ஆண்டு கழித்து 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் அடையாற்றில் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிடியூட் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவருடன் டாக்டர் சாந்தாவும் அதை நடத்தினார்கள். இறந்த தங்கைக்கு முத்துலட்சுமி செய்த திதி அந்தக் கட்டடம் என்றே சொல்லலாம்.

வினைக் கொள்கையை ஒட்டுமொத்தமாக மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் அதைப் படித்ததில்லை. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிக்க வந்த பிராரத்தம், இனி செய்யப்போகும் செயலால் ஏறும் ஆகாமியம். விதி விதி என்கிறவர்கள் நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டுவிடுகிறார்கள். திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. மருந்துக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. மருந்து அதிகாரத்தின் பத்துக் குறள்களில் பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியது, அதன் அளவைப் பற்றியது. மீதி வைத்தியன் என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியது. அந்தப் பத்தில் ஊழ் என்ற பேச்சே எழவில்லை. வள்ளுவருக்கு ஊழ் தெரியாமலா? நோய் வந்த இடத்தில் எதைப் பேச வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது.

புத்தர் இதை நேராகவே சொல்லியிருக்கிறார். ராஜகிருகத்தில் சிவகன் என்னும் பரிவிராஜகன், அதாவது ஊர் சுற்றும் துறவி, வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் எல்லாமே முன் செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். சம்யுத்த நிகாயத்தில் இந்த உரையாடல் இருக்கிறது. பித்தத்தால் வருவது உண்டு, கபத்தால், வாதத்தால், மூன்றும் கூடுவதால், பருவ மாற்றத்தால், உடம்பைச் சரியாகப் பேணாததால், அடிபடுவதால் வருவதும் உண்டு. வினைப்பயனால் வருவது எட்டாவது என்றார் புத்தர். எல்லாமே வினை என்கிறவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் முடிவு. குர்லாவிலும் செம்பூரிலும் அம்பேத்கரின் வழியில் பௌத்தம் தழுவிய குடும்பங்கள் நிறைய. பக்கத்து வீட்டுத் தமிழர் தம் நோய்க்குப் பரிகாரம் தேடும்போது அவர்கள் இதை எடுத்துச் சொல்லலாம்.

குர்லாவின் இன்னொரு பெரிய சமூகமான முஸ்லிம்களிடமும் இதற்கு இணையான நினைவு உண்டு. கி.பி. 639-ஐ ஒட்டி சிரியாவில் கொள்ளைநோய் பரவியது. அங்கே போய்க்கொண்டிருந்த கலீஃபா உமர், செய்தி கேட்டு ஸர்க் என்ற இடத்தில் திரும்ப முடிவெடுத்தார். இறைவன் விதித்ததிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று தளபதி அபூ உபைதா கேட்டார். ஒரு விதியிலிருந்து அதே இறைவனின் இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற பொருளில் உமர் பதில் சொன்னார். திரும்பவும் விதிதான் என்றால் பரிசோதனையும் விதிதான், மருந்தும் விதிதான். சிரியாவிலேயே தங்கிய அபூ உபைதா அந்தக் கொள்ளைநோயில் இறந்தார் என்பது வரலாறு. கிறிஸ்தவர்களுக்கு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் போதும். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டுமில்லை என்கிறார் இயேசு.

பக்தர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். ராமகிருஷ்ணர் 1886-ல் தொண்டைப் புற்றுநோயால் மறைந்தார். ரமணர் இடக்கையில் வந்த சார்கோமாவுக்கு நான்கு முறை கத்தி வைக்கச் சம்மதித்து, கையை எடுப்பதற்கு மட்டும் மறுத்து, 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விட்டார். அவர்களுக்கு வந்ததைப் பாவத்தின் சம்பளம் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் மட்டும் எழுகிறது.

இனி இந்த நோயின் காரணங்கள். 2022-ல் உலகில் 19 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாக வந்தது. 9 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் அந்த ஆண்டு ஏறத்தாழ 70 ஆயிரம் பேர். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே விகிதம் மிகக் குறைவு. ஆனால் வருகிறவர்கள் இளையவர்கள். நாட்டின் மக்கள்தொகையே இளையது என்பது அதற்கு ஒரு காரணம். முழுக் காரணமும் அதுவாகத் தெரியவில்லை. டாடா மருத்துவர்கள் பார்த்த 800 பேரில் நூற்றுக்கு 13 பேருக்கு வந்தது, வேகமாகப் பரவும் முத்திரை மோதிர உயிரணு வகை. மேலை நாடுகளில் இது அரிது.

மதம் இந்த நோயைத் தொடும் இடம் ஒன்று உண்டு, அது சமையலறை. மும்பையில் 1963-ல் டாக்டர் ஜுஸ்ஸாவாலா தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேடு, நாட்டிலேயே முதலாவது. அது நோயாளிகளை மதவாரியாகவும் பிரித்துப் பார்த்தது. நெருப்பைப் புனிதமாகக் கருதுவதால் புகைக்காத பார்சிகளுக்கு வாய், தொண்டைப் புற்று மிகக் குறைவு. மார்பகப் புற்று மற்றவர்களைவிட அதிகம். ஒரே ஊர், ஒரே காற்று. மாறியது வழக்கம், உணவு, திருமண வயது, குழந்தைகளின் எண்ணிக்கை. அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டு திருச்சபையாரை ஆராய்ந்து 2015-ல் வெளிவந்த முடிவில், அவர்களில் சைவ உணவுக்காரர்களுக்குக் குடல் புற்று 22 விழுக்காடு குறைவு. இங்கே ரயில்வே மருத்துவரான எஸ்.எல். மல்ஹோத்ரா 1960-களிலேயே ரயில்வே ஊழியர்களிடையே வட இந்தியருக்கும் தென்னிந்தியருக்கும் வயிற்று நோய்களில் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்தார். நார் மிகுந்த, மென்று சாப்பிட வேண்டிய வடக்கத்திச் சாப்பாடும் தயிரும் மோரும் காப்பதாக அவர் கருதினார். உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் 1971-ல் நார்ச்சத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் அதே திசையில் போனது. கம்பும் கேழ்வரகும் விட்டுப் பாலிஷ் போட்ட அரிசிக்கு வந்து, அங்கிருந்து வடாபாவுக்கும் வறுத்த நொறுக்குக்கும் வந்த மும்பைத் தமிழருக்கு இதில் யோசிக்க நிறைய உண்டு.

2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்று வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றது. மது, புகை, தொந்தி, நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது ஆகியவையும் சேரும்.

இங்கே நின்று நிதானிக்க வேண்டும். 18 விழுக்காடு என்பது பயமாக ஒலிக்கிறது. அமெரிக்காவில் ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டால் நூற்றில் நான்கு பேருக்கு இந்த நோய் வருகிறது. 18 விழுக்காடு கூடினால் நான்கு, ஐந்தை நெருங்கும். சாப்பிட்டவர்களில் தொண்ணூற்றைந்து பேருக்கு வராது. சாப்பிடாதவர்களிலும் சிலருக்கு வரும். ஆபத்து என்பது பெருங்கூட்டத்தைப் பற்றிய உண்மை. கூட்டத்திலிருந்து ஒருவரைத் தனியே இழுத்து நிறுத்தி, நீ தின்றதால்தான் உனக்கு வந்தது என்று சொல்ல எந்தப் புள்ளிவிவரத்துக்கும் அதிகாரம் இல்லை. முன்ஜென்ம வினை என்று சொல்லும் ஜோதிடரும், பிரியாணி தின்ற வினை என்று சொல்லும் ஆரோக்கியப் பேச்சாளரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பலருக்குப் பொருந்தும் காரணத்தை ஒருவரின் குற்றமாக மாற்றுகிறார்கள். பின்னவர் கையில் ஆராய்ச்சிக் கட்டுரை இருப்பதால் அந்தத் தவறு சிறிதாகிவிடாது.

மரபணுவிலும் இப்படித்தான். 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம் அவர் வீட்டுத் தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லாரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ கேன்சர் வந்தே சாகிறார்கள், நானும் அப்படியே சீக்கிரம் போவேன் என்றாள். அப்படியே போனாள். வார்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913-ல் வெளியிட்டார். பிற்காலத்தில் ஹென்றி லிஞ்ச் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். லிஞ்ச் நோய்க்குறி என்று அதற்குப் பெயர் வந்தது. 1993-ல் முதல் மரபணு பிடிபட்டது. நம் ஊரில் இப்படி ஒரு குடும்பத்தைப் பித்ரு சாபம் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூடத் தயங்கியிருப்பார்கள். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு அது போக இரண்டில் ஒன்று வாய்ப்பு. தெரிந்துகொண்டால் இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒரு முறை கொலனோஸ்கோப்பி செய்து, கட்டி உருவாகுமுன் தடுக்கலாம். இந்தச் சாபத்துக்கு விமோசனம் உண்டு. அதற்கு முதலில் வீட்டில் யார் யார் எதனால் எந்த வயதில் இறந்தார்கள் என்று பேச வேண்டும். பெரியப்பா வயிற்றில் ஏதோ வந்து போனார் என்று மட்டும் சொல்லிப் பழகிய குடும்பங்களில் அந்தப் பேச்சே கடினம்.

கடைசியாக ஒரு காரணம் மிச்சமிருக்கிறது. எந்த மதத்துக்கும் ஜீரணிக்கக் கடினமானது. கிறிஸ்டியன் டொமாசெட்டியும் பெர்ட் வோகல்ஸ்டைனும் 2015-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்கள் வாழ்நாளெல்லாம் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுவைப் படியெடுக்கும்போது பிழை விழலாம். சிறுகுடலைவிடப் பெருங்குடலில் புற்று அதிகம் வருவதற்கு இந்தப் பிரிவுகளின் எண்ணிக்கை ஒரு பெரிய விளக்கம் என்றார்கள். எதிர்ப்பும் வந்தது. வெளிக்காரணங்களின் பங்கைக் குறைத்துவிட்டார்கள் என்று அடுத்த ஆண்டே 'நேச்சர்' இதழில் மறுத்து எழுதினார்கள். பங்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை. தற்செயலுக்குப் பங்கு உண்டு என்பதில் சண்டை இல்லை. மனிதர் குற்றத்தைக்கூடத் தாங்கிக்கொள்வார்கள். காரணமே இல்லை என்பதைத் தாங்க மாட்டார்கள். அதனால்தான் ஒரு நோயாளி தானாக, என் வினை, கழிக்கிறேன் என்று சொல்லி அமைதி அடைவாரானால் அதைப் பிடுங்கும் உரிமை யாருக்கும் இல்லை. அந்தச் சொல்லை அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். படுக்கையருகே நின்று வேறொருவர் சொன்னால் அது கொடுமை.

வருமுன் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதுவும் இந்த நோயில் மற்ற பல புற்றுநோய்களைவிட அதிகம். பெரும்பாலான குடல் புற்று, பாலிப் என்னும் சின்ன மொட்டாகத் தொடங்குகிறது. அது புற்றாக மாற ஏறத்தாழ பத்தாண்டு பிடிக்கும். கொலனோஸ்கோப்பியில் அந்த மொட்டைப் பார்த்த இடத்திலேயே கத்தரித்து எடுத்துவிடலாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் ஃபிட் சோதனைக்குப் பத்தியமும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். அமெரிக்கா 2021-ல் சோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆக்கியது. இந்தியாவின் 2016 தேசியப் பரிசோதனை வழிகாட்டுதலில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றும் இருக்கின்றன; குடல் இல்லை. இங்கே நோய் குறைவு, செலவு அதிகம் என்பது காரணம், நியாயமான காரணமும்தான். ஆனால் ரத்தம் போகிறவருக்கும், குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பவருக்கும் அந்தக் காரணம் பொருந்தாது. பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால், அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவே பார்த்துவிடச் சொல்கிறார்கள்.

சிகிச்சையும் நூறாண்டில் வெகுதூரம் வந்துவிட்டது. 1908-ல் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்தே வெட்டி எடுத்தார். 1982-ல் பில் ஹீல்ட் காட்டிய வழியில் கட்டியைச் சுற்றிய கொழுப்பு உறையோடு நேர்த்தியாக எடுக்கத் தொடங்கிய பின் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துக் கட்டி முழுக்கக் கரைந்தால் கத்தியே வைக்காமல் கண்காணிக்கலாம் என்று பிரேசில் நாட்டு அறுவை மருத்துவர் ஆஞ்சலிடா ஹப்ர்-காமா 2004-ல் காட்டினார். ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைபாடு உள்ள மலக்குடல் கட்டிகள் டோஸ்டர்லிமாப் மருந்துக்கு மட்டுமே மறைந்துபோயின என்று 2022-ல் நியூயார்க்கிலிருந்து செய்தி வந்தது; முதல் அறிக்கையில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேருக்கும்.

அப்படியும் பலருக்கு வயிற்றில் வழி திறந்து பை கட்டத்தான் வேண்டியிருக்கிறது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஆயுளுக்கும். வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பையை 1954-ல் உருவாக்கியவர் எலிஸ் சோரன்சன் என்ற டென்மார்க் நர்ஸ்; அறுவைக்குப் பின் வெளியே தலைகாட்ட அஞ்சிய தன் தங்கை தோராவுக்காக. அடையாற்றில் 12 படுக்கை போட்ட அதே ஆண்டு.

இங்கேதான் மதக் கேள்வி மறுபடி வருகிறது, இன்னும் கூர்மையாக. இந்தப் பையோடு கோயிலுக்குள் போகலாமா? விளக்கேற்றலாமா? தொழலாமா? பத்துக்குப் பத்து கோலி என்னும் ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், சால் குடியிருப்புக்கே பொதுவான கழிப்பறையில் வரிசையில் நின்று பையைக் கழுவ வேண்டிய தாராவி நோயாளிக்கு, ஒரு பைக்குச் சில நூறு ரூபாய் தர வேண்டியவருக்கு, இந்தக் கேள்வி மேலும் ஒரு சுமை. டாக்டரிடம் இதைக் கேட்கக் கூச்சம். குருக்களிடம் கேட்க பயம். ஆகவே பலர் யாரையும் கேட்காமல் தாமே நின்றுவிடுகிறார்கள். துருக்கியின் அங்காராவில் குழு ஒன்று மலக்குடல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் எழுதியது. ஆசனவாயை இழந்து பை கட்டியவர்கள் தொழுகையிலிருந்தும் நோன்பிலிருந்தும் விலகிப் போயிருந்தார்கள். இத்தனைக்கும் இஸ்லாமியச் சட்டத்தில் இதற்குத் தெளிவான வழி உண்டு. கட்டுப்படுத்த முடியாமல் கழிவு வெளியேறுகிறவர் சலுகை பெற்றவர். ஒவ்வொரு வேளைக்கும் ஒளூ என்னும் அங்கசுத்தி செய்துகொண்டு தொழுதால் தொழுகை கூடும். சட்டம் இருந்தது, அதை யாரும் அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கவில்லை.

இந்துக்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. மூடிய பைக்குள் இருப்பது கருவறைக்கு முன் கைகூப்பி நிற்கும் அத்தனை பேர் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதான். தோலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே வேறுபாடு. ஆகமங்கள் எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு மனிதர் பிழைத்திருக்க வழியே இல்லை; ஆகவே அவரைத் தடுக்கும் விதியும் இருக்க முடியாது. தாராவித் தமிழரில் கணிசமானோரின் முன்னோர், தீட்டு என்ற பெயரில் ஊரில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஒரு நோயாளியை அதே சொல் மீண்டும் வெளியே நிறுத்த அவர்கள் அனுமதிக்கக் கூடாது.

மராட்டிய மண்ணில் கையில் துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தெருவைக் கூட்டிக் கீர்த்தனை பாடிய காட்கே மகராஜ் 1956-ல் மறைந்தார். அவர் பெயரில் தாதரில் உள்ள தர்மசாலையில் இன்று டாடாவுக்கு வரும் வெளியூர் நோயாளிகள் தங்குகிறார்கள். அழுக்கைத் தொடுவதையே வழிபாடாக்கியவர் பெயரில் பை கட்டியவர்களுக்கு இடம் கிடைக்கிறது. ஸ்டோமா, அதாவது வயிற்றில் திறந்த வழி, உள்ளவர்களே சேர்ந்து நடத்தும் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியாவும் மும்பையில்தான் இருக்கிறது; பையை எப்படி மாற்றுவது, வெளியூர் எப்படிப் போவது என்பதை அனுபவப்பட்டவர் வாயாலேயே கேட்கலாம்.

வழிபாட்டுத் தலங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் கந்த சஷ்டிக்குக் கூடும் கூட்டத்திடமும், குர்லா மசூதிகளில் ஜும்ஆவுக்கு வருகிறவர்களிடமும், தாராவியின் தமிழ்த் தேவாலயங்களில் ஞாயிறு பூசைக்குப் பிறகும், டாக்டர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் இரண்டு செய்திகளைச் சத்தமாகச் சொல்லலாம். மோஷனில் ரத்தம் போனாலோ, போக்கு மாறி மூன்று வாரம் நீடித்தாலோ, வயது முப்பதாக இருந்தாலும் விரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குர்லா மேற்கில் மாநகராட்சியின் பாபா மருத்துவமனை இருக்கிறது, சயான் மருத்துவமனை அடுத்த நிலையத்தில் இருக்கிறது. வயிற்றில் பை கட்டியவர்கள் வந்தால் உள்ளே வந்து கும்பிடலாம். இரண்டாவதை அர்ச்சகரும் இமாமும் பாதிரியாரும் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை.